சாவி கொடுத்தால் மட்டும் போதுமா?



இன்றைக்கு நாம் பேசப் போவது பாட்டைப் பற்றி அல்ல, பாட்டுப் பெட்டியைப் பற்றி. அதிலும் பெட்டியின் வெளியழகைப் பற்றி அல்ல. உள்ளே, மரப்பலகைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறதே ஓர் இயந்திரம், அதைப் பற்றி. சாவி கொடுத்தால் ஓடும் கிராமபோனின் ஸ்பிரிங் மோட்டாரைப் பற்றி.

"இந்தக் காலத்தில் யார் வீட்டில் ஐயா கிராமபோன் இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நம் பேரா மாநிலத்தில் இருக்கிறது. ஈப்போவின் பழைய வீடுகளில் இருக்கிறது. சுங்கை சிப்புட், கோல கங்சார், பாகான் செராய், தெலுக் இந்தான், தாப்பா வட்டாரங்களில், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களின் அலமாரிக்கு மேலே, பழைய துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். "தாத்தாவின் பெட்டி" என்பார்கள். "ஓடுகிறதா?" என்று கேட்டால், "ஸ்பிரிங் போய்விட்டது" என்பார்கள். பத்துப் பெட்டிக்கு எட்டுப் பெட்டிக்கு இதே பதில்தான்.

உண்மையில் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் போகவே இல்லை. கிரீஸ்தான் போயிருக்கிறது! மனிதனுக்கு மூட்டு பிடித்துக் கொண்டால் "கால் போய்விட்டது" என்று சொல்லிவிட முடியுமா? அதே கதைதான் இங்கேயும்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

1877ஆம் ஆண்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன், பேசிய குரலைத் திரும்பப் பேசிக் காட்டும் போனோகிராப் கருவியைச் செய்தார். அதே 1877இல்தான் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. அவற்றில் சில நம் கோல கங்சாரில் நடப்பட்டன. அந்தக் கால மரம் ஒன்று இன்றும் கோல கங்சாரில் நின்று கொண்டிருக்கிறது.

பாட்டுப் பெட்டியும் பால்மரமும் ஒரே வயதுக்காரர்கள்! பால்மரம் நம்மவர்களைக் கடல் கடந்து கூட்டி வந்தது. பாட்டுப் பெட்டி, விட்டு வந்த ஊரின் குரலை அவர்கள் பின்னாலேயே கொண்டு வந்து சேர்த்தது.

எடிசன் செய்தது உருளை. தட்டையான இசைத்தட்டைக் கொண்டு வந்தவர் எமில் பெர்லினர். 1887இல் அவர் உருவாக்கிய கருவிக்குத்தான் கிராமபோன் என்று பெயர். ஆனால் ஆரம்பத்தில் அதைக் கையால் சுற்ற வேண்டும். கை வேகமானால் பாடகர் கீச்சுக் குரலில் பாடுவார். கை சோர்ந்தால் பாடகரும் சோர்ந்து போவார். பாட்டின் தலையெழுத்தே கேட்பவரின் கையில் இருந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் ஒரு மெக்கானிக். நியூஜெர்சியின் கேம்டன் நகரில் பட்டறை வைத்திருந்த எல்டிரிட்ஜ் ஜான்சன் என்பவர், 1896இல் பெர்லினரின் கருவிக்கு ஏற்ற ஸ்பிரிங் மோட்டார் செய்து கொடுத்தார். பின்னாளில் விக்டர் கம்பெனியை நிறுவியவரும் அவரே. கிராமபோன் வீட்டுச் சாமானாக மாறியது அந்த மோட்டாருக்குப் பிறகுதான்.

1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1903இல் அதே மனிதர் சிங்கப்பூருக்கும் வந்தார். பிறகு சென்னையிலிருந்து தமிழ்த் தட்டுகள் வரத் தொடங்கின. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர், ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் எல்லாம் கப்பலேறி வந்தன.

தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்தது வெகு காலம் கழித்துத்தான். வானொலி கேட்பதற்குக் கூட பேட்டரி வேண்டும். ஆனால் இந்தப் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஒரு கைப்பிடி போதும். கிராணி வீட்டிலோ கங்காணி வீட்டிலோ பெட்டி திறந்தால், லயமே திண்ணைக்கு வந்துவிடும்.

1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். ஆனாலும் பல குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அந்த மூட்டைகளோடு வந்த பெட்டிகள்தான் இன்று நம் அலமாரிக்கு மேலே இருப்பவை.

உள்ளே என்ன நடக்கிறது?

மோட்டார் என்றதும் பயப்பட வேண்டாம். நான்கே நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை இது.

முதல் ஆள் ஸ்பிரிங். ஒரு விரல் அகலமும் பல அடி நீளமும் உள்ள எஃகுப் பட்டை. அதைச் சுருட்டி, வட்டமான ஒரு டப்பாவுக்குள் அடைத்திருப்பார்கள். பட்டையின் உள் முனை நடுவில் உள்ள அச்சில் மாட்டியிருக்கும். வெளி முனை டப்பாவின் சுவரில் கொக்கி போட்டிருக்கும். நீங்கள் சாவி கொடுக்கக் கொடுக்கப் பட்டை இறுகும். விட்டால் விரியப் பார்க்கும். அந்த விரியும் ஆசைதான் மோட்டாரின் சக்தி.

இரண்டாவது ஆள் தடுப்புப் பல். சாவி கொடுத்து முடித்ததும் கைப்பிடி திரும்பச் சுழலாமல் பிடித்துக் கொள்வது இதுதான். சாவி கொடுக்கும்போது பல பெட்டிகளில் "டிக் டிக்" என்று கேட்கிறதே, அது இதன் குரல்.

மூன்றாவது ஆள் பற்சக்கரங்கள். ஸ்பிரிங் மெதுவாகத்தான் சுழலும், ஆனால் வலுவாகச் சுழலும். அந்த வலுவை வேகமாக மாற்றி இசைத்தட்டு சுழலும் அச்சுக்குக் கொண்டு போவது இந்தச் சக்கரங்களின் வேலை.

நான்காவது ஆள்தான் முக்கியமானவர். அவருக்குப் பெயர் கவர்னர். நம் பாஷையில் சொன்னால் கங்காணி! மெல்லிய மூன்று எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு ஈயக் குண்டு. அச்சு வேகமாகச் சுழன்றால் குண்டுகள் வெளியே விரியும். குண்டுகள் விரிந்தால், அச்சில் உள்ள ஒரு சின்ன வட்டத்தகடு நகர்ந்து வந்து, ஒரு தோல் துண்டிலோ கம்பளித் துண்டிலோ உரசும். உரசினால் வேகம் குறையும். குறைந்தால் குண்டுகள் சுருங்கும், உரசலும் குறையும். இப்படி ஓடுகிறவனை அடக்கி, சோர்கிறவனை விட்டுப் பிடித்து, நிமிடத்துக்கு 78 சுற்று என்ற கணக்கைக் காப்பாற்றுகிறார் இந்தக் கங்காணி. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்கு வைத்த கவர்னரும் இதே தத்துவம்தான்.

ஸ்பிரிங் முழுதாக இறுகியிருக்கும்போது பலமாக இழுக்கும். தளர்ந்த பிறகு மெதுவாக இழுக்கும். ஆனாலும் பாட்டின் சுருதி மாறுவதில்லை. ஏன்? கவர்னர் இருப்பதால். சக்தி கொடுக்க ஒருவன் வேண்டும், அந்தச் சக்தியைக் கட்டுக்குள் வைக்க ஒருவன் வேண்டும். குடும்பத்துக்கும் இதுதானே கணக்கு!

பெட்டி சொல்லும் நோய்கள்

நல்ல வைத்தியர் நாடி பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். நாமும் முதலில் பெட்டி என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்போம்.

பாட்டு ஓடும்போது உள்ளிருந்து "தொம்" என்று அடிக்கிறதா? பெட்டியே ஒரு முறை குலுங்குகிறதா? ஸ்பிரிங் டப்பாவுக்குள் இருக்கும் பழைய கிரீஸ் காய்ந்து பிசின் ஆகிவிட்டது என்று அர்த்தம். சுருளின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டு, பிறகு திடீரென்று விடுபடுகின்றன. அந்தச் சத்தம்தான் அது.

முழுதாகச் சாவி கொடுத்தும் ஒரு பக்கம் முடிவதற்குள் பாட்டு இழுக்கிறதா? பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம் ஓடும். 78ஐ 3ஆல் பெருக்கினால் 234 சுற்று. நல்ல மோட்டார் அவ்வளவையும் சோர்வில்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், ஒன்று கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது அச்சுகளில் எண்ணெய் வற்றியிருக்கும், அல்லது ஸ்பிரிங்கே வயதாகித் தளர்ந்திருக்கும்.

பாட்டு அலை போல மேலும் கீழும் ஆடுகிறதா? கவர்னரைப் பாருங்கள். உரசும் தோல் துண்டு காய்ந்து கட்டியாகி இருக்கலாம். மூன்று தகடுகளில் ஒன்று வளைந்திருக்கலாம்.

தட்டு தறிகெட்டு ஓடுகிறதா? கவர்னரின் தகடு ஒடிந்திருக்கலாம். அந்தத் தகட்டை மாற்றினால் மூன்றையும் சேர்த்து ஒரே அளவில் மாற்ற வேண்டும். ஒன்று கனமாகவும் ஒன்று இலேசாகவும் இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும்.

எவ்வளவு சுற்றினாலும் சாவி பிடிப்பில்லாமல் சுற்றிக் கொண்டே இருக்கிறதா? இப்போதுதான் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும் என்றோ, முனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கும் என்றோ சந்தேகப்பட வேண்டும்.

"அதிகமாகச் சாவி கொடுத்ததால் ஸ்பிரிங் இறுகிவிட்டது" என்று வீட்டில் பேரப்பிள்ளையைத் திட்டியிருப்பார்கள். பாவம், அந்தப் பிள்ளை! சாவி முழுதாக ஏறிய ஸ்பிரிங், கிரீஸ் நன்றாக இருந்தால் தானாகவே இறங்கி ஓடத்தான் செய்யும். இறுகி நின்றுவிட்டது என்றால் பிசினாகிப் போன கிரீஸ்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஆனால் கைக்கு எதிர்ப்புத் தெரிந்த பிறகும் பலவந்தமாக முறுக்கினால் ஒடியத்தான் ஒடியும். அதை மறந்துவிடக் கூடாது.

கை வைப்பதற்கு முன்

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இது அபாயம் உள்ள இடம்.

முதல் விதி: ஸ்பிரிங்கில் சாவி இருக்கும்போது மோட்டாரைப் பிரிக்கவே கூடாது. தடையை விடுவித்து, தட்டு தானாக ஓடி ஓய்ந்து நிற்கும் வரை விட்டுவிடுங்கள். ஒட்டிக் கொண்ட ஸ்பிரிங்காக இருந்தால் ஓய்ந்தது போலத் தெரியும், உள்ளே பாதி சக்தி மிச்சம் இருக்கும். தட்டைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஓடி மறுபடி நின்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். பொறுமையாக, முழுதும் இறங்கும் வரை காத்திருங்கள்.

இரண்டாவது விதி: சாவி மிச்சம் இருக்கும்போது கவர்னரைக் கழற்றவே கூடாது. கங்காணி போய்விட்டால் என்ன ஆகும்? இருக்கிற சக்தியெல்லாம் ஒரே நொடியில் பாய்ந்து வெளியேறும். பற்கள் மொட்டையாகும். அருகில் விரல் இருந்தால் விரலுக்கும் அதே கதிதான்.

மூன்றாவது விதி: பழைய உலோகத்தைப் பலவந்தப்படுத்தாதீர்கள். மலிவு மாடல்களில் ஒலி செல்லும் கைக்குழாயும் ஒலிப்பெட்டியும் துத்தநாகக் கலவையில் வார்த்தவையாக இருக்கும். காலப்போக்கில் அந்த உலோகம் உப்பி, வெடிப்பு விட்டிருக்கும். திருகினால் பிஸ்கட் போல உடையும்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இந்த வேலைக்கு அந்தப் பழமொழியை எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

பிரிப்பதும் கழுவுவதும்

கைப்பிடியைக் கழற்றுங்கள். சிலவற்றில் எதிர்ப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும், சிலவற்றில் இழுத்தாலே வரும். பிறகு சுழல்தட்டு. நடு அச்சில் சிறு வளையக் கொக்கி இருந்தால் முதலில் அதை எடுங்கள். இரண்டு கையாலும் தட்டை மேலே தூக்கிப் பிடித்துக் கொள்ள, இன்னொருவர் அச்சின் தலையில் மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் தட்டு விடுபட்டு வரும். சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு பலகையின் திருகாணிகளைக் கழற்றி, மோட்டாரோடு சேர்த்துத் தூக்குங்கள். கையில் இப்போது எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். திருகாணிகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், வரிசையாகச் சிறு கிண்ணங்களில் போடுங்கள். பால்கோப்பைகளை வரிசை தவறாமல் வைத்த பரம்பரை நாம். இது நமக்குச் சிரமமா என்ன!

பழைய கிரீஸைக் கழுவ மண்ணெண்ணெய் போதும். வாசலில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத தூரத்தில் செய்யுங்கள். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்துக் கொண்டு பல்லிடுக்குகளைத் தேயுங்கள். அச்சுத் துளைகளுக்குள் தீக்குச்சியைக் கூர்மையாக்கிச் சுழற்றினால் கறுப்புப் பிசின் வரும். வரும் வரை விடாதீர்கள். கழுவி முடித்ததும் துணியால் துடைத்து நன்றாகக் காய வையுங்கள். தண்ணீர் படக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு ஒரே இரவில் துரு பிடித்துவிடும். ஈயக் குண்டுகளைத் தொட்ட கையை மறக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஸ்பிரிங் டப்பா: யார் திறக்கலாம்?

என்னைக் கேட்டால், முதல் முறை செய்பவர்கள் இந்த டப்பாவைத் திறக்கவே கூடாது.

ஏன் தெரியுமா? சாவி முழுதும் இறங்கிய பிறகும், டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அடக்கி வைக்கப்பட்ட ஸ்பிரிங்தான். வெளியே விட்டால் அதன் இயற்கையான அகலம் டப்பாவைப் போலப் பல மடங்கு. மூடியைத் திறந்து கவனமில்லாமல் ஒரு மடிப்பை இழுத்தால், பல அடி எஃகுப் பட்டை பாம்பு சீறுவது போலப் பாய்ந்து வெளியே வரும். அதன் ஓரம் கத்தி. முகத்தையும் கையையும் கிழித்துவிடும்.

அனுபவம் உள்ளவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்து கொள்வது நல்லது. தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து கொள்வார்கள். டப்பாவை ஒரு வாளிக்குள் வைத்து, கனமான துணியால் மூடிக் கொண்டு, உள் முனையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு மடிப்பாக, கட்டைவிரலை எடுக்காமல் வெளியே விடுவார்கள். வெளியே வந்ததும் ஸ்பிரிங் தாராளமாக விரிந்து பரவினால் அது ஆரோக்கியமான ஸ்பிரிங். வெளியே வந்தும் சின்னச் சுருளாகவே சுருண்டு கிடந்தால் அதற்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

விரிந்த பட்டையைக் கழுவித் துடைத்து, துரு, வெடிப்பு, மடங்கல் இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். வெளி முனையில் மட்டும் ஒடிந்திருந்தால், அந்த முனையை மட்டும் சூடாக்கி மென்மையாக்கி, புதுத் துளை போட்டுப் பயன்படுத்தலாம். சில அங்குலம் குறையும், அவ்வளவுதான். நடுவில் ஒடிந்தால் புது ஸ்பிரிங் தேட வேண்டியதுதான். அப்போது அகலம், தடிமன், நீளம், முனையில் உள்ள துளையின் வடிவம் நான்கையும் அளந்து சொல்ல வேண்டும்.

திரும்பப் போடும்போது முறை தலைகீழ். வெளி முனையை டப்பாவின் கொக்கியில் மாட்டி, வெளியிலிருந்து உள்ளே, சுற்றுச் சுற்றாக அமுக்கிக் கொண்டு போக வேண்டும். போகப் போக ஒவ்வொரு மடிப்புக்கும் கிரீஸ் தடவ வேண்டும். டப்பாவை அடைத்து நிரப்பக் கூடாது. பட்டையின் இரு பக்கமும் ஈரம் தெரிந்தால் போதும்.

டப்பாவைத் திறக்கத் துணிவில்லாதவர்களுக்கும் வழி உண்டு. கழுவி, எண்ணெய் போட்டு, கவர்னரைச் சரி செய்தாலே பாதிப் பெட்டிகள் உயிர் பெற்றுவிடும். டப்பா வேலையை மட்டும் பழைய கடிகாரம் பழுது பார்ப்பவரிடமோ, பழைய இயந்திரங்களில் கை பழகிய மெக்கானிக்கிடமோ கொடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த முறை நீங்களே ஒரு கை கொடுக்கலாம்.

எந்த இடத்துக்கு எந்த எண்ணெய்?

பெட்டிகள் கெட்டுப் போவது பயன்படுத்தாததால் மட்டும் அல்ல. தப்பான எண்ணெய் ஊற்றியதாலும்தான்.

நம் வீடுகளில் கதவு கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், பூட்டு திறக்காவிட்டால் தேங்காய் எண்ணெய். பாட்டுப் பெட்டிக்கும் அதையே ஊற்றியிருப்பார்கள். சமையல் எண்ணெய் எதுவாக இருந்தாலும் நாளாக நாளாகக் காற்றுப்பட்டுப் பிசினாகும். நல்லெண்ணெய் ஊற்றினாலும் அப்படித்தான். தலைக்கு நல்லது மோட்டாருக்கு நல்லதல்ல!

இன்னொரு தவறு, துரு நீக்கும் ஸ்பிரே. கடையில் டின்னாக விற்கிறார்கள். அடித்தவுடன் மோட்டார் ஓடும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது இலேசான திரவம். பழைய கிரீஸைக் கரைத்து ஓட விட்டு, தானும் ஆவியாகிப் போய்விடும். சில வாரத்தில் அச்சு வறண்டு நிற்கும்.

சரியான கணக்கு இதுதான். ஸ்பிரிங்குக்கு கிரீஸ். கிராபைட்டோ மாலிப்டினமோ கலந்த நல்ல கிரீஸ், வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். அந்தக் காலத்தில் வாசலினில் கிராபைட் பொடி கலந்து போடுவார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. நம் வெயிலுக்கு வாசலின் இளகி, டப்பாவிலிருந்து ஒழுகிப் பெட்டியின் அடியில் வந்து நிற்கும்.

பற்சக்கரங்களின் பல்லில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ். வேகமாகச் சுழலும் அச்சுகளின் இரு முனையிலும் தையல் இயந்திர எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. ஊசி முனையில் எடுத்து வைத்தால் அளவு தவறாது. கவர்னர் அச்சைச் சுழற்றும் புரிபல்லுக்குக் கொஞ்சம் கெட்டியான எண்ணெய். கவர்னர் உரசும் தோல் துண்டு அல்லது கம்பளித் துண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அது ஊறி மென்மையாகும் வரை. இந்த ஒரு சொட்டைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பாட்டு ஆடுவதற்கும் கிரீச்சிடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

மீண்டும் பூட்டும்போது

படங்களைப் பார்த்துத் தலைகீழ் வரிசையில் பூட்டுங்கள். கவர்னரை மாட்டும்போது அச்சுக்கு முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசைவு இருக்க வேண்டும். அசைவே இல்லாமல் இறுக்கினால் ஓடாது. அதிகம் விட்டால் சலசலக்கும்.

முதல் முறை சில சுற்று மட்டும் சாவி கொடுத்து ஓட விடுங்கள். தடங்கல் இல்லை என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம். பிறகுதான் முழுச் சாவி.

வேகம் பார்க்க எளிய வழி உண்டு. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, ஊசியை இறக்கிப் பாட்டு ஓடும்போதே, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 78 வர வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஊசி இறக்காமல் எண்ணினால் கணக்குத் தவறும், ஏனென்றால் ஊசி உரசும் சுமையையும் சேர்த்துத்தான் மோட்டார் இழுக்க வேண்டும்.

கேட்டு முடித்த பிறகு, மிச்சச் சாவியை ஓட்டி இறக்கிவிட்டு மூடி வையுங்கள். மாதம் ஒரு முறையாவது ஓட விடுங்கள். நடக்காத காலும் ஓடாத மோட்டாரும் ஒன்றுதான்.

ஊசியும் தட்டும்

மோட்டார் சரியானால் போதாது. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். கஞ்சத்தனம் பார்த்துப் பழைய ஊசியிலேயே ஓட்டினால், தேய்ந்த முனை உளி போலத் தட்டின் கோடுகளைச் செதுக்கிவிடும். ஊசி புதிதாக வாங்கலாம். தட்டு?

ஒலிப்பெட்டியில் "ஜிர்" என்று இரைச்சல் வந்தால், அதன் அதிர்தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கல்லாகிப் போயிருக்கும். புது ரப்பர் குழாயை வெட்டி மாற்றினால் குரல் தெளியும். நம் முன்னோர் சீவிய பால்தான் அந்த வளையமாகப் போய், பாட்டாகத் திரும்பி வந்தது என்று நினைத்தால் மனது என்னவோ செய்கிறது.

78 சுற்றுத் தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்தவை. விழுந்தால் கண்ணாடி போலச் சிதறும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். எனவே தட்டையோ, மெருகேற்றிய மரப்பெட்டியையோ ஸ்பிரிட் வைத்துத் துடைக்கவே கூடாது. மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும், காகித லேபிளில் ஈரம் படாமல். தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் அப்பளமாக வளையும்.

பிற்காலத்தில் வந்த பிளாஸ்டிக் எல்.பி. தட்டுகளை இந்தப் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். இதன் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கு மேல் அழுத்தும். ஒரே ஓட்டத்தில் அந்தத் தட்டு பாழ்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும்

ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் பளபளக்கும் பித்தளைக் குழாயோடு, நாய்ப்படம் ஒட்டிய பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல அண்மைக் காலத்தில் செய்தவை. புது மரப்பெட்டி, புதுக் குழாய், உள்ளே எங்கிருந்தோ கழற்றிய பழைய மோட்டார். அலங்காரத்துக்கு வாங்குகிறேன் என்றால் வாங்குங்கள். பழமை என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இதில் வேதனை என்ன தெரியுமா? அந்தப் பழைய மோட்டார் எங்கிருந்து வருகிறது? குழாய் இல்லாத, பார்க்கச் சாதாரணமான கைப்பெட்டி கிராமபோன்களைப் பிரித்து எடுப்பதும் உண்டு. நம் தாத்தாக்கள் லயத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் அந்தக் கைப்பெட்டிதான். "ஸ்பிரிங் போய்விட்டது" என்று நாம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டால், அதன் இதயத்தை எடுத்து ஒரு பொம்மைக்குப் பொருத்திவிடுவார்கள்.

பெட்டி போனால் என்ன, பாட்டுத்தான் இணையத்தில் இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் குரல் இன்று நமக்குக் கிடைப்பது இசைத்தட்டின் வழியாகத்தான். யாரோ ஒரு வீட்டில் தட்டை உடையாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் இணையத்திலும் கிடைக்கிறது. இன்னும் பதிவேறாத தட்டு உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அடியில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

அதைவிடப் பெரிய பதிவு ஒன்று இருக்கிறது. இந்தப் பெட்டி எந்தத் தோட்டத்தில் ஓடியது, யார் வாங்கினார், எந்தப் பாட்டுக்கு யார் அழுதார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார். எந்தத் தட்டிலும் ஏறாத செய்தி அது. அவருக்கு எண்பதோ தொண்ணூறோ ஆகியிருக்கும். ஸ்பிரிங்குக்கு மாற்று உண்டு. அவருக்கு மாற்று இல்லை.

ஆகவே, மோட்டாருக்கு எண்ணெய் போடும் அன்று அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் கையில் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். படம் எடுக்கும் அதே கைத்தொலைபேசியில் அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு காகிதத்தில் எழுதி, பெட்டியின் மூடிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த தலைமுறை திறக்கும்போது, பெட்டியும் பேசும், காகிதமும் பேசும்.